களத்தோரத்து நாற்காலிகள்

கைப்பந்தாட்டம் காணச் செல்வோரின் கண் பந்தையே தொடரும். பந்து மேலெழும், வலையைக் கடக்கும், தரையில் விழும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். களத்தின் ஓரத்தில் இடப்பட்ட நாற்காலிகளில் மூவரோ நால்வரோ ஏடும் எழுதுகோலுமாய் அமர்ந்திருப்பதைக் கவனிப்பவர் மிகச் சிலர். அவர்கள் யார்? அவர்தம் பணி யாது? அந்த நாற்காலிகளில் யாருக்கு எந்த இடம் கிடைத்தது? அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் கைப்பந்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம். இவ்வாட்டம் பிறந்த நாடும் அதுவே. 1895-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், கூடைப்பந்தின் முட்டலும் மோதலும் ஒத்துவராத நடுவயதினருக்காக இதனை வகுத்தார்.

நம் நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கைப்பந்துக்கும் கபடிக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் பொறுப்பாளர் என்பதை நண்பர்கள் அறிவர். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் நிலை வேறு. பெண்கள் கைப்பந்து என்னும் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், துணைப் பயிற்சியாளர் இருவர் அல்லது மூவர், ஆட்டக் கணக்கு எழுதுபவர், பயணமும் தங்குமிடமும் பார்ப்பவர், உடல்வலிமைப் பயிற்சி அளிப்பவர் எனப் பலர் உளர். 'ட்ரெய்னர்' என்றும் ஒருவர் இருப்பார். பெயரைக் கேட்டு அவரைப் பயிற்சியாளர் என்று எண்ணிவிடக் கூடாது. சுளுக்குக்கும் காயத்துக்கும் கட்டுப் போடுபவர் அவர்.

இத்தனை பேர் எதற்கு? பணம் மிகுந்த நாட்டின் ஆடம்பரம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆழ்ந்து பார்த்தால் காரணம் வேறாக உள்ளது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் (என்.சி.ஏ.ஏ. என்பர்) ஒரு வரம்பு விதித்திருக்கிறது. போட்டிப் பருவத்தில் மாணவியரை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்கு அழைக்கலாகாது. ஒரு நாளைக்கு 4 மணி நேரமே உச்சம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். படிப்பு கெடக்கூடாது என்பது கருத்து. காலம் குறுகும்போது கைகள் பெருக வேண்டியதுதானே? ஒருவர் வலையருகே தடுப்போரைப் பழக்குவார்; அதே வேளையில் இன்னொருவர் பின்களத்தில் பந்தெடுப்போரைப் பழக்குவார்; மூன்றாமவர் செட்டரைத் தனியே அழைத்துச் சென்று நூறு முறை, இருநூறு முறை பந்தை உயர்த்தச் சொல்வார். ஒருத்தியும் வரிசையில் நின்று வீண்பொழுது போக்குவதில்லை.

இப்பணிகளுள் நான் மிகவும் வியந்தது எதிரணியை ஆராயும் பணியே. துணைப் பயிற்சியாளர் ஒருவர் எதிரணியின் முந்தைய ஆட்டங்களின் படங்களை இரவெல்லாம் பார்ப்பார். ஒவ்வொரு முறை பந்து தொடப்படுவதும் குறியீடாகக் கணிப்பொறியில் ஏறும். சர்வீஸை ஏற்ற பந்து செட்டர் கைக்கு நேராகச் சென்றதா, இரண்டடி தள்ளிச் சென்றதா, வெளியே பறந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால், எதிரணியில் சர்வீஸை ஏற்கத் தடுமாறுபவள் யார் என்பது வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்றும் புலப்படும். கைப்பந்தில் ஆறு பேரும் சுழன்று இடம் மாறுவர் அல்லவா? எதிரணியின் செட்டர் முன்வரிசையில் நிற்கும்போது அவ்வணிக்கு முன்னின்று அடிப்பவர் இருவரே. அவள் பின்வரிசைக்குப் போனால் மூவர். எந்தச் சுழற்சியில் எதிரி மெலிந்திருக்கிறாள், அந்நேரம் நம் பக்கத்தில் வலையருகே யார் இருக்க வேண்டும் என்பதை முன்னரே கணக்கிட்டு, அதற்கேற்பத் தொடக்க வரிசையை அமைப்பர்.

ஆட்டம் நடக்கும்போது இந்த ஆராய்ச்சி ஒரு சைகையாகச் சுருங்குகிறது. களத்தின் பகுதிகளுக்கு எண்கள் உண்டு. வலப்புறப் பின்மூலை ஒன்று. இடப்புறப் பின்மூலை ஐந்து. பின்வரிசையின் நடு ஆறு. சர்வீஸ் போடப்போகும் பெண் ஓரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பாள். அங்கே ஒருவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். எதிரியின் இடப்புறப் பின்மூலைக்குப் போடு என்று பொருள். பார்ப்போருக்கு அது ஒரு கையசைவு. அதற்குப் பின்னே மூன்று இரவுகளின் கண்விழிப்பு இருக்கக்கூடும்.

ஆள் தேடுவதும் துணைப் பயிற்சியாளர் தலையிலேயே பெரிதும் விழுகிறது. நாடெங்கும் நடக்கும் பள்ளிச் சிறுமியர் போட்டிகளுக்கு வார இறுதிதோறும் பயணம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் எந்த மாணவியிடமும் கல்லூரியில் சேர்வது பற்றிப் பேசலாகாது என்பது விதி. பார்க்கலாம், குறிக்கலாம், பேசக்கூடாது. 2023 வரை ஊதியமே இல்லாத 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்றொரு நாற்காலியும் இருந்தது. சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்க யாரால் முடியும்? வீட்டில் வசதி உள்ளவரால்தான் முடியும். அந்த ஏற்பாடு அவ்வாண்டில் நீக்கப்பட்டது நல்லதே.

இனி, இந்த நாற்காலிகளில் பெண்களுக்குக் கிடைத்த இடத்தைக் காண்போம்.

1972-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவு இயற்றப்பட்டது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் சாரம். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆயினும் விளையாட்டு மைதானத்தை அது மாற்றியதைப்போல வேறெதையும் மாற்றவில்லை எனலாம். பெண்கள் அணிகள் பெருகின, உதவித்தொகை வந்தது, பயணச் செலவு வந்தது. ஆனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றின் பயிற்சியாளர்கள் பெண்களாகவே இருந்தனர். அகோஸ்டா, கார்ப்பென்டர் என்னும் ஆய்வாளர் இருவர் ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்து எடுத்த கணக்கின்படி, 2014-இல் அது நூற்றுக்கு 43 அளவுக்குக் குறைந்துவிட்டது. ஊதியமின்றி, பெயரின்றி இருந்தபோது பெண்கள் கையில் இருந்த வேலை, ஊதியமும் பெயரும் வந்தவுடன் ஆண்கள் கைக்குப் போயிற்று. ஆடுவதற்குக் கதவைத் திறந்த அதே மாற்றம், ஆட்டுவிக்கும் இடத்தில் அவர்களை நெருக்கித் தள்ளியது.

கைப்பந்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தேசியச் சங்கம் நடத்தும் பெண்கள் முதற்பிரிவுப் போட்டி 1981-இல் தொடங்கியது. அன்று முதல் 2023 வரை பட்டம் வென்ற அணிகள் அனைத்துக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆண்களே. புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் 2024 வரை பணியாற்றிய மேரி வைஸ் இருமுறை, 2003-இலும் 2017-இலும், இறுதி ஆட்டம் வரை சென்றார். இருமுறையும் பட்டம் கைநழுவியது.

ஆண் பயிற்சியாளர்கள் திறமை குறைந்தவர் என்று கூறுவது என் நோக்கமன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை தலைமை ஏற்று ஏழு பட்டங்கள் வென்றார். 2007 முதல் 2010 வரை அவரது அணி தொடர்ச்சியாக 109 ஆட்டங்களில் தோல்வி காணவில்லை! களத்தோரத்தில் ஏட்டில் குறிப்பெழுதியவண்ணம் அமர்ந்திருப்பது அவர் வழக்கம். அவருடைய அணி முதற்பட்டம் வென்றது 1999-இல். அவ்வணியில் ஆடியவருள் ஒருவர் கேட்டி ஷூமேக்கர். அப்பெண்ணின் வாழ்க்கைப்பாதையே நான் சொல்லவந்த பொருளுக்குச் சிறந்த சான்று. மணமாகி ஷூமேக்கர்-காலி ஆன அவர் சிக்காகோவில் உள்ள இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் என்னும் வேறொரு நிலையத்திலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 2018-இல் அந்தத் தலைமை நாற்காலியை விட்டு, தம் பழைய ஆசிரியர் ரோஸிடமே துணைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். பதவியில் ஒரு படி இறங்குவதுபோல் தோன்றும் செயல் அது. 2022-இல் ரோஸின் இடத்துக்கு அவரே வந்தார்.

2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவே அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்தேற்றிக்கொண்டே களத்துக்கு வந்தார். தலைமையில் இருப்பவர் உடல் தளரும் வேளையில் பக்கத்து நாற்காலிகளின் அருமை விளங்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு டிசம்பரில், லூயிவில் நகரில், அரையிறுதியில் நெப்ராஸ்காவை எதிர்த்து முதல் இரண்டு செட்டுகளையும் அவரது அணி இழந்தது. மூன்றாவதை வென்றது. நான்காவது செட்டில் தோல்வியின் விளிம்பில் நின்று 28-26 என மீண்டது. ஐந்தாவது 15-13.

டிசம்பர் 22-இல் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது லூயிவில் பல்கலைக்கழகம். அதன் தலைமைப் பயிற்சியாளரும் ஒரு பெண், டேனி பஸ்பூம் கெல்லி. ஆகவே எவ்வணி வென்றாலும் பெண் பயிற்சியாளர் ஒருவர் முதன்முறையாகப் பட்டம் பெறுவது ஆட்டம் தொடங்குமுன்னரே உறுதியாகிவிட்டது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஷூமேக்கர்-காலியின் அணி வென்றது.

தோற்ற கெல்லியின் வரலாறும் அறியத்தக்கது. நெப்ராஸ்கா அணியில் செட்டராக ஆடியவர் அவர். இளையவள் ஒருத்திக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுத்துப் பின்களத்தில் லிபரோவாக நின்று, 2006-இல் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றார். பயிற்சியாளர் ஜான் குக். 2015-இல் அதே குக் மீண்டும் பட்டம் வென்றபோது, அவர் பக்கத்தில் துணைப் பயிற்சியாளராக அமர்ந்திருந்தவர் கெல்லி. 2017-இல் லூயிவில் சென்று அவ்வணியை 2022-இலும் 2024-இலும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். 2025 சனவரியில் குக் ஓய்வு பெற்றார். அவர் விட்டெழுந்த நாற்காலிக்கு நெப்ராஸ்கா அழைத்தது கெல்லியைத்தான்.