அறுத்தலும் பொறுத்தலும்

மூளையிற் கட்டியுண்டெனக் கேட்டவளவில், அதனை உடனே அறுத்தெறிதல் வேண்டுமெனச் சிலர் துணிவர். அது தீங்கற்றதென மருத்துவர் கூறின், வாளா விடலாமென வேறு சிலர் கருதுவர். இவ்விரண்டும் ஆராயாத முடிபுகளேயாம்.

மூளையைப் போர்த்துள்ள சவ்வில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கு 'மெனிஞ்சியோமா' என 1922-இல் பெயரிட்டவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க சத்திர வைத்தியர். இக்கட்டிகளுட் பெரும்பாலன புற்றுநோயல்ல, மெல்ல வளர்வன. ஆயினும் மண்டையோடு விரிந்து கொடாதாதலின், வளருங் கட்டி மூளையை நெருக்கும். லெனார்டு உட் என்னும் படைத்தலைவர் இதனால் வலிப்புற்று வருந்தினார். 1910-இல் குஷிங் அக்கட்டியை அகற்றினார். உட் நலமுற்றுப் பெரும் பதவிகள் வகித்தார். கட்டி மீண்டும் வளர, 1927-இல் மறுமுறை சத்திர சிகிச்சை செய்தபோது உயிர் நீத்தார். பதினேழாண்டு வாழ்வளித்த சிகிச்சையே ஈற்றில் உயிர்க்கும் இறுதியாயிற்று.

அக்காலத்தில் நோய்க்குறி தோன்றிய பின்னரே கட்டி அறியப்பட்டது. இக்காலத்திலோ, வேறு காரணம்பற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம், யாதொரு குறியுங் காட்டாத சிறு கட்டியையும் வெளிப்படுத்துகின்றது. அதனை என் செய்வது? நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் எண்ணிச் செய்தல் வேண்டுமென்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தாற் பெறப்படுங் கருத்து. அம்மூன்றும் ஈண்டு நன்கு பொருந்தும்.

நோயாளியை நோக்கின், முதியவர்க்குச் சிறு கட்டி வாழ்நாள் முழுதும் இடர் செய்யாதிருத்தல் கூடும். இளைஞர்க்கோ அது வளர நெடுங்காலமுண்டு. நோயை நோக்கின், பருமனினும் இடமே சிலபோது பெரிதாம். மூளையின் மேற்புறக் கட்டி கைக்கு எளிதில் எட்டும். அடிப்புறக் கட்டியோ நரம்புகளையும் குருதிக் குழாய்களையும் பற்றி நிற்கும். பார்வை நரம்பருகே சிறிய கட்டியும் கண்ணொளியைக் கெடுக்கும். செவி நரம்பிற் கட்டியை அறுக்குங்கால் கேள்வியும் முகத்தசைவும் கெடுதல் கூடும்.

காலத்தை நோக்கின், சில திங்கள் கழித்தும், பின்னர் ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிடுவர். வளராதாயின் பொறுப்பர், வளரினும் குறி தோன்றினும் அறுப்பர், அல்லது லார்ஸ் லெக்செல் 1951-இல் வகுத்த முறையைத் தழுவிக் கதிர்களைக் கட்டியின்மேற் குவிப்பர்.

பொறுத்தலென்பது மறத்தலன்று, விழித்திருந்து காத்தலே யாம். குறித்த நாளிற் படமெடாதவன் பொறுத்தவனாகான், நோயைக் கைவிட்டவனே ஆவான். அறுத்தலால் வருங் கேட்டையும் பொறுத்தலால் வருங் கேட்டையும் மருத்துவர் ஒருங்கே எடுத்துரைத்தல் கடன். எதனை ஏற்பதெனத் தெரிந்து கூறுதல் நோயாளியின் உரிமை. ஏனெனின், கத்தி பிடிப்பவர் கை வேறு. இழப்பைச் சுமப்பவர் தலை வேறு.