கோள் மாதிரியைக் கடையில் வாங்க வேண்டுமா?

பள்ளியில் கோள் மாதிரி கேட்டால் கடைக்கு ஓடுகிறோம். அங்கே வியாழனும் பூமியும் ஏறக்குறைய ஒரே பருமன்! பிள்ளை எதைக் கற்கும்?

1,000 கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். சூரியன் 1.4 மீட்டர், வியாழன் 14 செ.மீ. பூமியோ சுண்டைக்காய். நம் கோட்டையில் சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் அருகே சூரியனை வைத்தால், பூமி 150 மீட்டர் தள்ளி வரும். நெப்டியூன் நாலரை கிலோமீட்டர் தள்ளி. எந்த அட்டையிலும் அடங்காது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

யுரேனஸுக்கும் வளையம் போட வேண்டும். 1977 மார்ச் 10 அன்று அதற்கான தடயத்தைப் பதிவு செய்தவர்களில் ஜவ்வாது மலைக் காவலூர் ஆய்வகத்தாரும் உண்டு.

ஞாயிறு அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் அட்டையும் அளவுநாடாவும் இருக்கும். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.