துளி எப்போது இழையாகும்?
பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலில் விளைந்த பஞ்சை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். முறுக்காமல் இழுத்தால் அறுந்தது, முறுக்கியதும் நூலானது. பிறகு மின்நூற்பை விளக்கினேன். ஊசிமுனைக் கரைசலுக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் துளி கூம்பாகி, மெல்லிய தாரையாக நீளும். கரைப்பான் ஆவியாகி நானோஇழை படியும்.

“தண்ணீரும் நூலாகுமா, சார்?” என்றாள் ஒரு மாணவி. நான் சொல்ல விட்டது அதுதான். நீர் துளிகளாகச் சிதறும். இழையாக வேண்டுமானால் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்ன வேண்டும். காயக்கட்டுக்கு ஆராயப்படும், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் தனியே எளிதில் இழையாகாது. அதன் நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். பாலிஎத்திலீன் ஆக்சைடு கலந்தால் பின்னல் கூடும்.

பருத்தி இழையின் தடிமன் 15 மைக்ரோமீட்டர், நானோஇழை 200 நானோமீட்டர் எனில் எத்தனை மடங்கு? 75 என்றார்கள்.

உயர் மின்னழுத்தம் வகுப்பறைக்கு வேண்டாம். நீரையும் பசையையும் விரலிடையில் இழுத்துக் காட்டுங்கள். வேறுபாடு கண்ணில் படும்.