ஏச்சும் வாதமும்



2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க் நாளிதழ் ஒன்று நபி (ஸல்) அவர்களின் பெயரால் 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. கருத்துச் சுதந்திரம் என்றார்கள். நம் நெஞ்சு கொதித்தது, கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த பிப்ரவரியில் நடந்தது என்ன? லிபியாவில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் சுடப்பட்டு மவுத்தானார்கள். நைஜீரியாவில் அந்தப் படங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள்.

யூதர்கள் சிலர் ஸலாம் சொல்வதுபோல் நாவைச் சுழற்றி, நபியவர்களுக்கு நேராகவே மரணத்தை வேண்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) பொங்கி, பதிலுக்குச் சபித்தார்கள். நபியவர்களோ நிதானிக்கச் சொன்னார்கள். 'வஅலைக்கும்' என்பதோடு தம் பதிலை முடித்துக்கொண்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

இறைவசனங்கள் கேலி செய்யப்படும் சபையில், பேச்சு மாறும்வரை உட்கார வேண்டாம் என்கிறது அந்நிஸா 140ஆம் வசனம். பேச்சு மாறிவிட்டால்? மறுபடி உட்காரலாம் என்பதையும் கவனியுங்கள்!

அதே குர்ஆன், அல்அன்ஆம் 108இல் நம் நாவையும் கட்டிப்போடுகிறது. பிறர் வணங்குபவற்றை நாம் ஏசினால், அவர்கள் அறியாமல் அல்லாஹ்வை ஏசுவார்கள். கொள்கையை விமர்சிக்கத் தடையில்லை. வாதம் வேறு, ஏச்சு வேறு. ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படிதான் மூஸா (அலை) அனுப்பப்பட்டார்கள்.

மாற்று மதத்தாரின் தெய்வத்தைக் கிண்டலடிக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் தம்பி, டென்மார்க்காரனை எந்த வாயால் கண்டிப்பீர்கள்? அதை இப்போதே அழித்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.