காந்தத்திற்கு மசியாத செம்மண்

திரிங்காப்பில் சாலைக்காக வெட்டிய மலைச்சரிவெங்கும் செம்மண்தான். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கையில், அந்தச் சிவப்பு இரும்பினால் வந்தது என்று ஆசிரியர் சொன்னார். அன்று மாலையே பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி மண்ணில் புரட்டினேன். ஒரு துகள்கூட ஒட்டவில்லை. இரும்பென்றால் ஏன் ஒட்டவில்லை? இடைநிலைப்பள்ளியில் காந்தத்தை மலாய்மொழியில் 'பெசி பெரானி' (துணிந்த இரும்பு!) என்று படித்தபோதும் இதே கேள்விதான். விடை கிடைத்தது பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வில். அதுவும் நான் செய்த தவற்றால்.

கறுப்பான மேக்னடைட், சிவப்பான ஹேமடைட் இரண்டுமே இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தவை. ஒவ்வோர் இரும்பணுவும் ஒரு குட்டிக் காந்தம். பள்ளி விளையாட்டுப் போட்டியின் கயிறிழுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேக்னடைட்டில் இரு அணிகளும் சமபலமற்றவை. மிஞ்சும் பலமே நாம் காணும் காந்தம். ஹேமடைட்டில் இரு அணிகளும் ஏறத்தாழச் சமம், கயிறு நகர்வதில்லை. எடைக்கு எடை பார்த்தால் மேக்னடைட்டின் காந்த வலிமை 200 மடங்குக்கும் மேல்.

துகள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்தால் மேக்னடைட்டின் குணமே மாறுகிறது. அறை வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிக்கொண்டிருக்கும். காந்தத்தை அருகில் வைத்தால் ஈர்க்கப்படும், எடுத்தால் மறந்துவிடும். 2006-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய துகள்களில் ஆர்செனிக் நஞ்சை ஒட்டவைத்து, வலுக்குறைந்த காந்தப்புலத்தாலேயே நீரிலிருந்து பிரித்துக் காட்டினர். மேற்கு வங்கத்திலும் வங்காளதேசத்திலும் குழாய்க்கிணற்று நீரில் கலந்துள்ள நஞ்சு அது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டியிலும் இரும்புச் சேர்மந்தான் ஆர்செனிக்கைப் பிடிக்கிறது. அதற்குக் காந்தம் தேவையில்லை.

நஞ்சு ஒட்ட இடம் வேண்டும். அதற்குத்தான் நுண்துளைகள். இடியப்பத்தில் குழம்பு ஊறுவதுபோல் துளைப்பொருளில் நீர் உள்ளே புகும். ஆனால், மேற்பரப்பிலுள்ள அணுக்களின் காந்தங்கள் ஒழுங்கு குலைந்து நிற்பதால், பரப்பு கூடக் கூடக் காந்தம் குறைகிறது. இரண்டையும் ஒருசேரப் பெறுவதே பாடு.

துளை உண்டாக்க, சவர்க்காரம் போன்ற கரிமப்பொருளைச் சேர்த்துப் பின்பு எரித்து நீக்க வேண்டும். நைட்ரஜனில் சூடாக்க வேண்டியதை நான் காற்றிலேயே 500 பாகை செல்சியசில் விட்டுவிட்டேன். மறுநாள் உலையைத் திறந்தால், கறுப்புத் தூள் சிவந்து கிடந்தது. காந்தத்தைக் காட்டினேன், அசையவில்லை. பத்து வயதில் பார்த்த அதே காட்சி! காற்றிலிருந்த ஆக்சிஜன் என் மேக்னடைட்டை ஹேமடைட்டாக்கிவிட்டது. அறிக்கை ஒப்படைக்க ஐந்து வாரமே இருந்தது.

விடுமுறையில் அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, நம்ம ரோட்டோர மண்ணு! இதுக்கா அவ்ளோ தூரம் போன?"

சிரிப்பு வந்தாலும் உள்ளே எரிந்தது.

அடுத்த முறை நைட்ரஜனைத் திறந்துவிட்டு உலைக்கருகிலேயே உட்கார்ந்திருந்தேன். தூள் கறுப்பாகவே வந்தது. நீரில் கலக்கி, போத்தலின் பக்கத்தில் காந்தத்தை வைத்தேன். சில நிமிடங்களில் நீர் தெளிந்தது. தீபாவளிக்கு அதையும் கொண்டுபோனேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காந்தத்தை என் கையிலிருந்து வாங்கி, தாமே இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.