இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு புள்ளி

சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. கன்னியாகுமரிக்கு 8.08, 77.55. நடுப்புள்ளி வேண்டுமானால் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும்: 10.58, 78.91. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே விழுகிறது. கால்வாசி தூரத்தில் வேண்டுமா? கன்னியாகுமரி எண்ணிலிருந்து சென்னை எண்ணைக் கழித்து, அதில் 0.25 பங்கைச் சென்னையோடு கூட்டுங்கள். பூமியின் வளைவைச் சேர்த்துப் பார்த்தாலும் நடுப்புள்ளி ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுதான் நகரும். மாநிலத்துக்குள் இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

சான்பிரான்சிஸ்கோ வரை போனால் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். அதன் இடம் 37.77, -122.42 (மேற்குக்கும் தெற்குக்கும் கழித்தல் குறி). சென்னையோடு சராசரி எடுத்தால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடல் வருகிறது! 180 பாகைக் கோட்டைக் கடப்பதைச் சரிசெய்தால் பசிபிக் கடல். இரண்டும் தவறு. மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதை சைபீரியா மேல் போகிறது.

அதைப் பிடிக்க, ஒவ்வோர் ஊரையும் மூன்று எண்களாக மாற்றுங்கள். எக்ஸ்: அட்சரேகையின் கொசைன் × தீர்க்கரேகையின் கொசைன். ஒய்: அட்சரேகையின் கொசைன் × தீர்க்கரேகையின் சைன். இசட்: அட்சரேகையின் சைன். சென்னைக்கு 0.165, 0.960, 0.226, சான்பிரான்சிஸ்கோவுக்கு -0.424, -0.667, 0.612. எக்செலில் செய்தால் பாகையை முதலில் ரேடியனாக்க மறக்காதீர்கள்.

இனி எக்ஸோடு எக்ஸ் என்று கூட்டுங்கள்: -0.259, 0.293, 0.839. எக்ஸ், ஒய் வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம் 0.391. இசட்டை அதனால் வகுத்துத் தலைகீழ் டேன்ஜென்ட் எடுத்தால் அட்சரேகை 65.0. ஒய், எக்ஸ் இரண்டிலிருந்தும் தீர்க்கரேகை 131.5. யாகுட்ஸ்க் நகருக்கு வடக்கே இருக்கும் இடம் அது. தீர்க்கரேகைக்குச் சாதாரணத் தலைகீழ் டேன்ஜென்ட் உதவாது, திசையை மாற்றிக் காட்டிவிடும். 'ஏடேன்2' சார்புதான் வேண்டும். எக்செல் அதில் எக்ஸை முதலில் கேட்கும், பைத்தான் ஒய்யை முதலில் கேட்கும்.

நடுப்புள்ளி அல்லாமல் கால்வாசிப் புள்ளி என்றால், ஊர்களுக்கு இடையிலான கோணம் தேவை. எக்ஸை எக்ஸால், ஒய்யை ஒய்யால், இசட்டை இசட்டால் பெருக்கிக் கூட்டித் தலைகீழ் கொசைன் எடுங்கள், இங்கே 124.9 பாகை. முதல் ஊரின் மூன்று எண்களையும் இந்தக் கோணத்தின் முக்கால் பங்கின் சைனாலும், இரண்டாவது ஊருடையதைக் கால் பங்கின் சைனாலும் பெருக்கிக் கூட்டுங்கள். மற்றதெல்லாம் முன்போலவே.

சரிபார்க்க, கிடைத்த நடுப்புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் மூன்று எண்களாக மாற்றி, அதற்கும் ஒவ்வோர் ஊருக்கும் இடையே இதே முறையில் கோணம் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 62.4 பாகை, அதாவது சுமார் 6,940 கிலோமீட்டர் வர வேண்டும்.