குளிர் இணைவு கற்பிக்கும் பாடம்

1989 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளெய்ஷ்மன், பான்ஸ் என்ற வேதியியலாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். பல்லேடியம் மின்வாய் கொண்டு கனநீரை மின்னாற்பகுத்தபோது, அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவு நிகழ்ந்து மிகுதி வெப்பம் கிடைத்ததாகக் கூறினர். சோதனையைத் திரும்பச் செய்த பல ஆய்வகங்களில் அது கிடைக்கவில்லை. அவ்வளவு வெப்பம் வழக்கமான இணைவால் வந்திருந்தால், வெளிப்படும் நியூட்ரான்கள் அருகில் இருந்தோரின் உயிரையே பறித்திருக்கும்.

பத்தாம் வகுப்பில் இணைவு பற்றி நடத்தும்போது, “வெப்பம் மட்டும் சான்றாகுமா? வேறு எதைத் தேடுவீர்கள்?” என்று கேட்கலாம். தொடக்க வகுப்பில் ஒரே மேசையின் நீளத்தை நான்கு குழுக்கள் தனித்தனியே அளந்து ஒப்பிடட்டும். வேறுபாட்டின் காரணத்தை அவர்களே கண்டறியட்டும்.

‘எரிபொருளின்றி மின்சாரம்’ என்னும் காணொலியைக் காணும் மாணவர், “வேறு யார் செய்து பார்த்தார்கள்?” என்று கேட்டால், அதுவே நம் கற்பித்தலின் பயன்.